தானே அமைக்கும் கேம்பர் வேனில் நீர்க்குழாய், காற்றோட்டம், வெப்பமூட்டல்

கேம்பர் வேன் என்பது, உள்ளே உறங்கவும் சமைக்கவும் முடியும்படி மாற்றியமைக்கப்பட்ட வேன் ஆகும். சரக்கு ஏற்றப் பயன்பட்ட பழைய வேன் ஒன்றை வாங்கி, அதன் உட்புறத்தை உரிமையாளரே தம் கையால் சிறு வீடாக மாற்றிக்கொள்வது பிரித்தானியா, ஜெர்மனி, பிரான்சு, வட அமெரிக்கா ஆகிய இடங்களில் பரவலான வழக்கம். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-இல் ஃபோக்ஸ்வாகன் வேன்களுக்குப் படுக்கை, அலமாரி முதலியவற்றைச் செய்து பொருத்தத் தொடங்கியது. இன்று தாமே வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஃபோர்ட் டிரான்சிட், ஃபியட் டுகாட்டோ, மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர், ஃபோக்ஸ்வாகன் கிராஃப்டர் போன்ற உயரமான சரக்கு வேன்களையே தேர்ந்தெடுக்கின்றனர்.

படுக்கையும் அலமாரியும் தச்சுவேலை. அளவு தவறினால் கழற்றி மறுபடி செய்யலாம். நீர், காற்று, வெப்பம் ஆகிய மூன்றில் செய்யும் பிழை அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுவர்ப் பலகைக்குப் பின்னால் கசியும் நீர் தரையைச் சில மாதங்களில் உளுக்கச் செய்துவிடும். வெளியேற வழியில்லாத ஈரம் வேனின் உடலையே உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். புகை தவறான வழியில் உள்ளே வந்தால் உறங்குபவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதையும் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. வெப்பமூட்டினால் ஈரம் குறைவதும் கூடுவதும் எந்த வகை அடுப்பு என்பதைப் பொறுத்தது. காற்றோட்டத்தை அடைத்தால் சூடு மிஞ்சும், உயிருக்கு ஆபத்தும் மிஞ்சும்.

வேலையின் வரிசை

தரை, கூரை, பக்கத் தகடு ஆகியவற்றில் வெட்ட வேண்டிய துளைகளை எல்லாம் முதலில் வெட்டிவிட வேண்டும். கூரை விசிறி, நீர் நிரப்பும் வாய், கழிவுநீர் வடிகுழாய், ஹீட்டரின் அடித்தட்டு ஆகியவை இதில் அடங்கும். அதன்பின் வெப்பக்காப்பு, அதன்பின் மின்கம்பி, நீர்க்குழாய், சூடான காற்றுக்குழாய் என்று வேலை நகரும். பலகையும் அலமாரியும் கடைசியில்தான். ஆர்வத்தில் பலகையை முதலில் அடித்துவிட்டுப் பிறகு அதைப் பிரிப்பவர்கள் ஏராளம்.

தகட்டில் வெட்டிய ஒவ்வொரு விளிம்பையும் அரத்தால் பிசிறு நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அது காய்ந்த பிறகே பாகத்தைப் பொருத்த வேண்டும். இரும்புத் துகள் கூரையில் ஓரிரவு கிடந்தாலே மறுநாள் காலை செம்புள்ளிகளாகத் தெரியும். வெட்டுமுன் உட்புறம் ஒரு பெரிய தாளையோ பையையோ ஒட்டித் துகளைப் பிடித்துக்கொள்வது வழக்கம்.

எடையும் தொட்டியும்

ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமம் வைத்திருப்பவர் பொதுவாக 3,500 கிலோ மொத்த எடை வரையிலான வண்டியையே ஓட்டலாம். வேனின் சொந்த எடை, மரவேலை, மின்கலம், பயணிகள், துணிமணி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. எனவே 100 லிட்டர் தொட்டியை நிரப்பினால் வண்டியில் கூடுதலாக ஒன்றரை ஆள் ஏறிக்கொண்டது போலத்தான். இருவர் ஓரிரு நாள் வெளியே தங்குவதற்கு 50 முதல் 70 லிட்டர் போதும். குளியல் வசதி வைத்தால் கணக்கு மாறும். மிகச் சிக்கனமாகக் குளித்தாலும் ஒருவருக்கு 10 லிட்டர் ஆகும். வீட்டில் குளிப்பதுபோல் நின்றால் மூன்றே நிமிடத்தில் 20 லிட்டர் போய்விடும்.

தொட்டியைத் தாழ்வாகவும் அச்சுகளுக்கு இடையிலும் வைப்பது வண்டியின் நிதானத்துக்கு நல்லது. வேனுக்கு அடியில் தொங்கவிட்டால் உள்ளே இடம் மிஞ்சும், ஆனால் பனிக்காலத்தில் நீர் உறைந்துவிடும். குளிர்நாடுகளில் ஆண்டு முழுவதும் பயணம் செய்ய எண்ணுபவர்கள் சக்கர வளைவின் மேலே உட்புறமாகவே நல்ல நீர்த் தொட்டியை வைக்கின்றனர். இடம் குறைந்தாலும் இதுவே சரியான முடிவு. தொட்டி, குழாய் இரண்டும் உணவுத் தரம் வாய்ந்த பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயை வைத்தால் நீரில் ரப்பர் வாடை ஏறிவிடும்.

தொட்டிக்குக் காற்றுப்போக்கி ஒன்று அவசியம். மெல்லிய குழாய் ஒன்றைத் தொட்டியின் மேற்புறத்திலிருந்து உயரே எடுத்துச்சென்று வெளியே விடுவார்கள். இது இல்லாவிட்டால் நீர் நிரப்பும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியின்றி நீரை முகத்தில் துப்பும். பம்பு இழுக்கும்போது தொட்டியின் பக்கங்கள் உள்வாங்கும்.

பம்பும் குழாயும்

மிக எளிய அமைப்பு காலால் மிதிக்கும் பம்பு. மின்சாரம் வேண்டாம், நீரும் வீணாகாது. வார இறுதிப் பயணத்துக்கு மட்டும் வேன் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட வேறெதுவும் தேவையில்லை என்றே சொல்லலாம். அதற்கு அடுத்தது, தொட்டிக்குள் மூழ்கவிடும் சிறு 12 வோல்ட் பம்பு. குழாயைத் திறக்கும்போது அதிலுள்ள நுண்சுவிட்சு பம்பை இயக்கும்.

மூன்றாவது, அழுத்தச் சுவிட்சு உள்ள டயாஃப்ரம் பம்பு. குழாயைத் திறந்ததும் குழாய்வழியில் அழுத்தம் விழுகிறது, பம்பு ஓடுகிறது. மூடியதும் அழுத்தம் ஏறிப் பம்பு தானே நின்றுவிடுகிறது. இதன் முன்னால் ஒரு வடிகட்டி கட்டாயம் வேண்டும். தொட்டியில் துளையிட்டபோது விழுந்த ஒரு பிளாஸ்டிக் சுருள் போதும், வால்வில் சிக்கிப் பம்பை ஓயாமல் ஓடவைக்க. பம்பை ரப்பர் கால்களின் மேல் வைத்து, இருபுறமும் அரை முழ நீளத்துக்கு வளையும் குழாயைக் கொடுத்தால் சத்தம் வெகுவாகக் குறையும். கடினமான குழாயை நேரடியாக இணைத்தால் வேன் முழுவதும் முரசு போல அதிரும்.

இந்த வகைப் பம்புக்கு ஒரு நற்குணம் உண்டு. யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில், நள்ளிரவில், பம்பு ஒரு நொடி ஓடி நின்றால் எங்கோ நீர் கசிகிறது என்று பொருள். அந்தச் சத்தத்தைப் புறக்கணிக்கக் கூடாது. அதே காரணத்துக்காகவே பம்புக்குத் தனிச் சுவிட்சு ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, வண்டி ஓடும்போதும் வெளியே செல்லும்போதும் அணைத்துவிட வேண்டும். இணைப்பு ஒன்று விட்டுப்போனால், சுவிட்சு அணைக்கப்படாத பம்பு தொட்டியிலுள்ள நீர் முழுவதையும் தரையில் கொட்டித் தீர்த்துவிடும்.

குழாய்களில் 12 மி.மீ. விட்டமுள்ள அரைக் கடினக் குழாயும், அழுத்திச் செருகும் இணைப்பும் பிரித்தானியாவில் பெருவழக்கு. குளிர்நீருக்கு நீலம், வெந்நீருக்குச் சிவப்பு. இதில் திறமை அதிகம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. குழாயை அதற்குரிய வெட்டியால் நேர்செங்குத்தாக வெட்ட வேண்டும். சாய்ந்து வெட்டிய முனை உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தைக் கிழித்துவிடும். செருகும்போது முதலில் ஒரு தடை தட்டும். அதையும் தாண்டி உள்ளே அழுத்தி, பிறகு பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். முதல் தடையிலேயே நிறுத்திவிடுவதுதான் கசிவுக்குப் பெரும்பாலும் காரணம்.

எல்லாம் இணைத்த பிறகு, பலகை அடிக்குமுன் ஒருநாள் முழுவதும் அழுத்தத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்பின் கீழும் உலர்ந்த மெல்லிய தாளை வைத்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும். மேடுபள்ளமான சாலையில் வேனை ஓட்டிவந்து மறுமுறையும் பார்ப்பது இன்னும் நல்லது. வீட்டுக் குழாய்கள் ஆடுவதில்லை. வேனின் குழாய்கள் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஆடுகின்றன.

உறைதல்

நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. குழாய், பம்பின் தலை, வெந்நீர்க் கலம் ஆகிய எதுவும் அந்த விரிவைத் தாங்காது. எனவே நீர் அமைப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிப்பு வால்வு இருக்க வேண்டும். குழாய்கள் அனைத்தும் அதை நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். நடுவில் எங்காவது குழாய் தொய்ந்திருந்தால் அங்கே தங்கும் நீர்தான் முதலில் உறையும். குளிர்காலத்தில் வேனை நிறுத்திவைக்கும்போது தொட்டியைக் காலி செய்து, எல்லாக் குழாய்களையும் திறந்த நிலையில் விட்டு, பம்பைச் சில நொடிகள் வெறுமையாக ஓட்டி நீரை வெளியேற்றுவர். குளியல் குழாயின் கைப்பிடியைக் கழற்றித் தாழ்வாகத் தொங்கவிட மறப்பவர்கள் அடுத்த வசந்தத்தில் புதியதொன்றை வாங்குகின்றனர்.

வெந்நீரும் கழிவுநீரும்

வெந்நீருக்கு மூன்று வழிகள் உள்ளன. எரிவாயுவில் இயங்கும் ஹீட்டர் ஒன்று. அறையையும் நீரையும் சேர்த்தே சூடாக்கும் இணைப்புக் கருவிகளும் இதில் உண்டு. ட்ரூமா நிறுவனத்தின் காம்பி என்னும் கருவி 10 லிட்டர் நீரைத் தன்னுள் வைத்துச் சூடாக்குகிறது. மற்றொன்று, இயந்திரத்தைக் குளிர்விக்கும் திரவத்தையே ஒரு சுருள் வழியாகச் செலுத்தி நீரைச் சூடேற்றும் கலம். அரை மணி நேரம் வண்டி ஓட்டினாலே நீர் சூடாகிவிடும். தனி எரிபொருள் தேவையில்லை. ஆனால் அந்த நீர் கையைச் சுட்டுவிடும் அளவுக்குக் கொதிக்கக்கூடும். எனவே குளிர்நீரைத் தானே கலந்து தரும் வெப்பநிலை வால்வையும், மிகை அழுத்தம் வெளியேறும் வால்வையும் சேர்த்தே பொருத்த வேண்டும். மூன்றாவது வழி, கெட்டிலில் நீர் வைத்துப் பக்கெட்டில் கலந்துகொள்வது. நகைப்புக்குரியதாகத் தோன்றினாலும் பலர் ஓரிரு ஆண்டுகளில் இதற்கே திரும்பிவிடுகின்றனர்.

வெதுவெதுப்பான நீர் நாள்கணக்கில் தேங்கக் கூடாது. லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா 20 முதல் 45 பாகை செல்சியசு வரையுள்ள நீரில் பெருகும். நீரை 60 பாகைக்குச் சூடாக்குவதும், நெடுநாள் நின்ற வேனின் தொட்டியைக் குளோரின் மருந்திட்டு அலசிய பிறகே பயன்படுத்துவதும் இதற்காகத்தான்.

கழிவுநீர்க்கு, தொட்டியின் கீழே ஒரு வாளியோ 10 லிட்டர் கேனோ வைத்தாலே தொடக்கத்துக்குப் போதும். நிலையான தொட்டி வைத்தால் கழுவுதொட்டிக்குக் கீழே நீர்ப்பூட்டு வளைவு வேண்டும். இல்லையேல் நாற்றம் திரும்பி வரும். தேங்கிய நீரை வழியில் எங்கும் திறந்துவிடக் கூடாது. முகாம் தளங்களிலும், பிரான்சில் ஊர்தோறும் உள்ள சேவை நிறுத்தங்களிலும் அதற்கென வடிகால் அமைத்திருக்கிறார்கள்.

ஈரத்தின் கணக்கு

தாமே வேன் அமைப்பவர்கள் மிகக் குறைவாக எண்ணிப்பார்ப்பது ஈரத்தைத்தான். குளிர்ந்த நீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதை அனைவரும் பார்த்திருப்பர். வேனில் குளிர் வெளியே இருக்கிறது, மனிதர் உள்ளே இருக்கின்றனர். எனவே வியர்வை உட்புறம் வடிகிறது.

உயரமான வேனின் உட்புறம் சுமார் 12 கனமீட்டர் என்று கொள்வோம். 20 பாகைக் காற்று ஒரு கனமீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். ஆக, வேனின் காற்று முழுவதும் தாங்கக்கூடியது ஏறத்தாழ 200 கிராம். ஒரு டம்ளர் நீர், அவ்வளவுதான். இருவர் இரவு முழுவதும் மூச்சுவிடும்போது வெளிவரும் நீர் அதைவிட மிகுதி. 5 பாகையில் காற்று தாங்குவது கனமீட்டருக்கு 7 கிராமுக்கும் குறைவு. எனவே குளிர்ந்த தகட்டைத் தொட்ட காற்று தன்னிடமுள்ள நீரை அங்கேயே விட்டுவிடுகிறது.

எரிவாயு அடுப்பும் நீரை உண்டாக்குகிறது. புரோப்பேன் எரியும்போது ஒரு மூலக்கூறுக்கு நான்கு நீர் மூலக்கூறுகள் பிறக்கின்றன. எடையில் கணக்கிட்டால் 44 கிராம் புரோப்பேனிலிருந்து 72 கிராம் நீர்; அதாவது ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் 1.6 கிலோவுக்கு மேல் நீர். புகைக்குழாய் இல்லாத சிறு எரிவாயுக் கணப்பு மணிக்கு 100 கிராம் எரித்தால், அந்த ஒரு மணி நேரத்தில் 160 கிராம் நீராவியை அறைக்குள்ளேயே கொட்டும். உடலுக்குச் சூடாக இருக்கும். மறுநாள் காலை மெத்தையின் அடிப்பக்கம் நனைந்திருக்கும். உணவகத்தில் நீராவி போவதற்குப் புகைபோக்கி இருப்பதுபோல வேனிலும் சமைக்கும்போது விசிறி ஓட வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

வெப்பக்காப்பு பற்றிச் சுருக்கமாக ஒன்று. மூடிய நுண்ணறைகள் கொண்ட ரப்பர் நுரைத்தாளைத் தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டினால் ஈரக்காற்று தகட்டைத் தொடாது. ஆட்டுக் கம்பளியை அடைப்பவர்களும் உள்ளனர். அது ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும் என்பது அவர்கள் வாதம். இரண்டுக்கும் ஆதரவாளர்கள் ஓயாமல் வாதிடுகின்றனர். எதைப் பயன்படுத்தினாலும், காற்றோட்டம் இல்லாத வேனில் எந்தக் காப்பும் ஈரத்தைத் தீர்க்காது.

காற்றோட்டம்

கூரை விசிறி மட்டும் இருந்தால் காற்றோட்டம் ஆகாது. காற்று வெளியேற வேண்டுமானால் வேறு எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். எனவே மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி என்பதே விதி. சூடான ஈரக்காற்று மேலெழுந்து கூரை வழியாகப் போகும். தரையருகே உள்ள துவாரத்தால் புதிய காற்று நுழையும். படுக்கை ஒரு முனையிலும் விசிறி மறுமுனையிலும் இருந்தால் காற்று வேன் முழுவதையும் தழுவிச் செல்லும்.

ஐரோப்பாவில் கூரைத் திறப்பின் வழக்கமான அளவு 400 மி.மீ. சதுரம், அமெரிக்கக் கருவிகளுக்கு 14 அங்குலம். வாங்கிய கருவியின் அளவை அளந்த பிறகே வெட்ட வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றலாம். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. வேனின் கூரையில் நெடுக வரிவரியான மேடுகள் இருப்பதால் அதற்கேற்ற சமன்சட்டத்தை இடையில் வைத்து, வண்டிகளுக்குரிய பாலியூரித்தேன் பசையால் அடைக்க வேண்டும். குளியலறைக்கான சிலிக்கான் பசை வண்டியின் ஆட்டத்தில் விட்டுப்போகும். அதன் மேல் வேறெதுவும் ஒட்டவும் ஒட்டாது. இருபுறமும் சுழலக்கூடிய, மழையிலும் திறந்து வைக்கக்கூடிய மூடியுள்ள விசிறி விலை கூடியது. ஆனால் இந்த வேலையில் பணத்தைத் தாராளமாகச் செலவிடத் தகுந்த இடம் இதுதான்.

எரிவாயு அடுப்பு உள்ள வேனில், மூடவே முடியாத நிலையான துவாரங்களும் இருக்க வேண்டும். உறைவிட வண்டிகளின் பாதுகாப்புக் காற்றோட்டத்துக்கான ஈ.என். 721 என்னும் ஐரோப்பியத் தரநிலை, தரைப்பரப்புக்கேற்ப மேலும் கீழும் எவ்வளவு திறப்பு வேண்டும் என்பதை வரையறுக்கிறது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் எரிவாயு உருளை இருக்கும் அறை, வேனின் உட்புறத்திலிருந்து முற்றிலும் அடைக்கப்பட்டு, அதன் அடியில் நேரே வெளியே திறக்கும் துளை கொண்டிருக்க வேண்டும். குளிர் வருகிறது என்று இந்தத் துளைகளில் துணியைத் திணிப்பவர்கள் உண்டு. இப்பணி முழுவதிலும் இதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை.

எவ்வளவு வெப்பம் தேவை

பெரிய ஹீட்டர் வாங்கினால் நல்லது என்பது பரவலான எண்ணம். கணக்கிட்டுப் பார்த்தால் அது தவறு. வேனின் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து சுமார் 35 சதுரமீட்டர். ஓரளவு காப்புச் செய்த வேனில், சன்னலையும் வெறுந்தகட்டையும் சேர்த்துச் சராசரியாக ஒரு சதுரமீட்டர் வழியே, ஒரு பாகை வேறுபாட்டுக்கு 1.5 வாட் வெளியேறுகிறது என்று கொள்வோம். வெளியே 0, உள்ளே 20 பாகை என்றால் இழப்பு 1,050 வாட். காற்றோட்டத்தால் போகும் வெப்பத்துக்கு மேலும் 250 வாட் சேர்த்தால் 1,300 வாட். ஆக, 2 கிலோவாட் ஹீட்டர் தாராளமாகப் போதும். 5 கிலோவாட் கருவியை வைத்தால் அது எந்நேரமும் மிகக் குறைந்த நிலையிலேயே ஓடும். குறைந்த நிலையில் ஓடும் டீசல் ஹீட்டரின் எரிகலத்தில் கரி படிந்து, ஓரிரு குளிர்காலத்தில் அது எரிய மறுக்கும்.

டீசல் ஹீட்டர்

வேன் ஏற்கனவே டீசலில் ஓடுவதால் அதே எரிபொருளில் இயங்கும் காற்று ஹீட்டரே பெரும்பாலோரின் தேர்வு. வெபாஸ்டோ, எபர்ஸ்பெஹர் ஆகிய ஜெர்மானிய நிறுவனங்களின் கருவிகள் நீண்டகாலமாக லாரிகளில் பயன்பட்டு வருகின்றன. சீனாவிலிருந்து வரும் விலை குறைந்த கருவிகளும் இதே அமைப்பைக் கொண்டவை. ஐக்கிய நாடுகள் அவையின் 122-ஆம் வாகன ஒழுங்குவிதிப்படி ஒப்புதல் பெற்ற கருவியா என்பதை வாங்குமுன் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ஒப்புதல் முத்திரை இல்லாத கருவியோடு வேன் தகுதிச் சோதனையில் தேறுவது கடினம்.

இதன் சிறப்பு, எரியும் காற்றும் சுவாசிக்கும் காற்றும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்பதே. வெளிக்காற்று வேனுக்கு அடியிலிருந்து எரிகலத்துக்குப் போகிறது. புகையும் அதே வழியாக வெளியே போகிறது. அறையின் காற்று எரிகலத்தின் வெளிப்புறத்தைத் தழுவிச் சூடேறித் திரும்புகிறது. எனவே எரிதலில் பிறக்கும் நீராவியும் வெளியேறிவிடுகிறது. அறை உலர்கிறது.

கருவியை அதன் உலோக அடித்தட்டோடு தரையில் பொருத்தி, புகைக்குழாய், காற்றுக்குழாய், எரிபொருள் குழாய் மூன்றையும் அத்தட்டின் வழியே கீழே இறக்குவர். தட்டுக்கும் தரைக்கும் இடையே ஒரு மயிரிழை இடைவெளியும் இருக்கக் கூடாது. புகைக்குழாயின் இணைப்புகள் யாவும் வேனுக்கு வெளியேதான் இருக்க வேண்டும்; உட்புறம் ஒன்றுகூட அனுமதிக்கத் தக்கதல்ல. குழாயின் முனை பக்கவாட்டில், திறக்கும் சன்னலுக்கும் கதவுக்கும் கீழே வராதபடி முடிய வேண்டும். உள்ளிழுக்கும் குழாயின் வாய் அதற்கு அருகிலோ, வண்டி ஓடும் திசையை நோக்கியோ இருத்தல் ஆகாது. புகைக்குழாய் கடுஞ்சூடாகும் என்பதால் பிரேக் குழாய், எரிபொருள் குழாய், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும். குழாய் தொய்யும் இடத்தில் சிறு துளை ஒன்று இடுவது, அங்கே தேங்கும் நீர் வடிந்துவிடுவதற்காக.

எரிபொருளை வண்டியின் தொட்டியிலிருந்தே எடுக்கலாம். உறிஞ்சுகுழாயின் முனை தொட்டியின் அடியைத் தொடாமல் சற்று மேலே நிற்க வேண்டும். அப்போதுதான் இரவு முழுவதும் ஹீட்டர் ஓடினாலும் அடுத்த எரிபொருள் நிலையம் வரை போக டீசல் மிஞ்சும். அளந்து அனுப்பும் சிறு பம்பு ‘டிக், டிக்’ என்று அடிக்கும். அதை ரப்பர் பிடியில் மாட்டி, வெளியேறும் முனை மேல்நோக்கிச் சாயும்படி வைத்தால் காற்றுக்குமிழ் தங்காது. இதற்கான மெல்லிய கடினக் குழாய்க்குப் பதில் பெரிய துளையுள்ள குழாயைப் போட்டால் குமிழ்கள் சேர்ந்து சுடர் தடுமாறும்.

மின்செலவு குறைவுதான். பற்றவைக்கும் ஓரிரு நிமிடம் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும்; பிறகு ஓரிரண்டு ஆம்பியரில் ஓடும். மெல்லிய கம்பியைப் போட்டால் பற்றவைக்கும் நேரத்தில் மின்னழுத்தம் விழுந்து கருவி பிழைக்குறி காட்டி நின்றுவிடும். ஹீட்டர் கெட்டுவிட்டது என்று கழற்றப்படுபவற்றில் பல, இப்படிக் கம்பியால் வந்த கோளாறே. மேற்சொன்ன 1,300 வாட் கணக்கில் எட்டு மணி நேர இரவுக்கு ஒன்றரை லிட்டருக்குள் டீசல் செலவாகும்.

அணைக்கும்போது மின்சாரத்தைத் துண்டிக்கவே கூடாது. கட்டுப்பாட்டுப் பொத்தானை அழுத்தியபின் விசிறி சில நிமிடங்கள் ஓடிக் கலத்தைக் குளிர்விக்கும். அதுவரை பொறுக்க வேண்டும். அவ்வப்போது அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் படிந்த கரி எரிந்துபோகும். ஆல்ப்ஸ் போன்ற மலைகளில் காற்று மெலிந்திருப்பதால் எரிபொருள் மிகுந்து கரி கூடுகிறது. உயரத்துக்கேற்பத் தன்னைச் சரிசெய்யும் கருவிகள் உள்ளன. எரிபொருள் நிரப்பும் நிலையத்துக்குள் நுழையுமுன் ஹீட்டரை அணைத்திருக்க வேண்டும்.

எரிவாயு ஹீட்டரைத் தேர்ந்தெடுப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பியூட்டேன் சுமார் 0 பாகையில் ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் மைனஸ் 42 பாகை வரை ஆவியாகும். பனிக்காலத்தில் உருளை நிறைந்திருந்தும் அடுப்பு எரியாததற்கு உருளை தவறான வாயுவைக் கொண்டிருப்பதே காரணம். எரிவாயுக் குழாய் வேலை மட்டும் தாமே செய்யாமல் தகுதி பெற்றவரிடம் விட வேண்டியது. ஜெர்மனியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிவாயு அமைப்பைச் சோதித்துச் சான்று பெறுகின்றனர்.

கார்பன் மோனாக்சைடு

எந்த எரிபொருளும் போதிய காற்றின்றி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையாக ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் என்று காய்ச்சல் வருவதுபோல் தொடங்கும், ஆனால் காய்ச்சல் இராது. வேனை விட்டு வெளியே வந்தால் தலைவலி தெளிகிறது என்றால் உடனே ஐயப்பட வேண்டும். உறக்கத்தில் இருப்பவருக்கு இந்த அறிகுறிகளும் தெரியா. சமைத்து முடித்த கரி அடுப்பை, அனல் மட்டும்தானே இருக்கிறது என்று குளிருக்காகக் கூடாரத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ எடுத்துவைத்து இறந்தவர்கள் பிரித்தானியாவில் உண்டு. சாம்பல் பூத்த கரியும் இந்த வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். சமையல் அடுப்பைக் கணப்பாகப் பயன்படுத்துவதும் இதே வகைதான்.

எச்சரிக்கைக் கருவி இல்லாமல் எந்த ஹீட்டரையும் ஒருநாள்கூட ஓட்டக் கூடாது. வீட்டுக்கான கருவியை வாங்கிவிடாமல், வண்டிகளுக்கும் படகுகளுக்கும் உரிய ஈ.என். 50291-2 தரக்குறி உள்ளதைப் பார்த்து வாங்க வேண்டும். அதிர்வையும் வெப்பநிலை மாற்றத்தையும் தாங்குமாறு இவை சோதிக்கப்பட்டவை. அடுப்புக்கு நேர்மேலே மாட்டினால் வீணாக ஒலித்து, எரிச்சலில் மின்கலத்தைக் கழற்றிவைக்கும்படி ஆகிவிடும். தலைவைத்துப் படுக்கும் இடத்துக்கு அருகில், உற்பத்தியாளர் சொன்ன உயரத்தில் மாட்டுவதே முறை. இதற்கும் ஆயுட்காலம் உண்டு; முடிவு நாள் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும்.

முதல் இரவு

வேலை முடிந்ததும் நெடும்பயணம் கிளம்பாமல், வீட்டு வாசலிலேயே ஒரு குளிர்ந்த இரவு வேனில் உறங்கிப் பார்ப்பது அனுபவமுள்ளவர்களின் வழக்கம். தொட்டியை நிரப்பி, கதவுகளைச் சாத்தி, ஹீட்டரை ஓட்டி, விசிறியை மெல்லச் சுழலவிட்டுப் படுக்கின்றனர். காலையில் எழுந்ததும் மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கி அடியில் கைவைத்துப் பார்க்கின்றனர். பின்கதவின் தகட்டையும் அலமாரியின் உட்புறத்தையும் தடவிப் பார்க்கின்றனர். இரவில் பம்பு எத்தனை முறை தானாக ஓடியது என்பதையும் குறித்துக்கொள்கின்றனர். ஈரம் இருந்தால் கீழ்த்துவாரத்தைப் பெரிதாக்குவதா, விசிறியின் வேகத்தைக் கூட்டுவதா என்பதை அங்கேயே முடிவு செய்துவிடலாம். கருவிப்பெட்டி வீட்டுக்குள்தானே இருக்கிறது.